கிரைண்டருக்கு ஒரு சைன் அலை இன்வெர்ட்டர்: மாஸ்ஃபெட்டை மாற்றி மாற்றிக் கடைசியில் கண்ட பிழை

கடந்த வியாழக்கிழமை மாலை பெய்த மழையில் மலேசியாவின் சுங்கை சிப்புட்டில் எங்கள் வரிசை வீடுகளுக்கு மின்சாரம் போய்விட்டது. இரவு 8.40 ஆகியும் அது வரவில்லை. அந்த இருட்டிலும் அக்காவின் இரண்டு லிட்டர் கிரைண்டர் ஓர் ஈடு தோசை மாவை நிற்காமல் அரைத்து முடித்தது. மின்சாரம் கொடுத்தது நான் கட்டிய இன்வெர்ட்டர். ஒன்பது மணிக்குள் மாவு அரைபடவில்லையென்றால் காலையில் அது புளித்திருக்காது, தெருவோர ஒட்டுக்கடையும் திறக்காது என்பதால், ஏழு வார வேலைக்கு அந்த ஒரு ஈட்டு மாவையே தேர்வாக வைத்திருந்தேன்.

அதற்கு முன் அக்கா வைத்திருந்த கடைப்பெட்டியின் மேல் சைன் அலை என்று அச்சிட்டிருந்தார்கள். அலைக்காட்டியில் (ஆசிலோஸ்கோப்) வைத்துப் பார்த்தால் அது வீட்டு மின்சாரத்தின் வழவழப்பான சைன் அலை அல்ல, மூன்று படி ஏறி இறங்கும் சதுர அலை. கிரைண்டர் அதில் உறுமும், பத்து நிமிடத்தில் மோட்டார் சுடும், கல்லில் மாவு கெட்டியாக இருந்தால் கிளம்பவே கிளம்பாது. பகலில் செம்பனை ஆலையில் மோட்டார்களோடு வேலை செய்பவன் என்பதால், இதை நாமே கட்டிவிடலாம் என்ற துணிவு எனக்கு வந்தது. அந்தத் துணிவுக்கான விலையைக் கீழே கணக்காகவே கொடுத்திருக்கிறேன்.

மாறாமல் நின்றவற்றை முதலில் சொல்லிவிடுகிறேன். பழைய பெட்டியிலிருந்து கிடைத்த 12 வோல்ட், 100 ஆம்பியர்-மணி பேட்டரிகள் இரண்டைத் தொடராக இணைத்து 24 வோல்ட் எடுத்தேன். பேட்டரி 21 வோல்ட்டுக்கு இறங்கினாலும் 230 வோல்ட் கிடைக்க வேண்டும் என்பதால், ஈப்போவில் காயில் சுற்றித் தரும் ஒருவரிடம் 14 வோல்ட்டுக்கு 230 வோல்ட், 800 வோல்ட்-ஆம்பியர் வளைய டிரான்ஸ்ஃபார்மர் ஒன்றைச் செய்து வாங்கினேன். சைன் அலையை, துடிப்புகளின் அகலத்தைக் கூட்டிக் குறைத்து, ஆர்டுவினோ நானோ என்ற சிறு நிரல் பலகை உண்டாக்குகிறது. அதன் 16 மெகாஹெர்ட்ஸ் கடிகாரத்தில் 20 கிலோஹெர்ட்ஸ் துடிப்பு வைத்தால், 50 ஹெர்ட்ஸின் ஓர் அரைச்சுற்றான 10 மில்லிசெகண்டுக்குச் சரியாக 200 எண்கள் கொண்ட அட்டவணை போதும். மின்னோட்டத்தைத் திசை மாற்றி மாற்றி விடுவது நான்கு மூலைப் பாலம்: கால்கள் இரண்டு, ஒவ்வொரு காலிலும் மேல் ஒரு மூலை, கீழ் ஒரு மூலை. ஒவ்வொரு மூலையிலும் இருப்பவை மாஸ்ஃபெட்டுகள், அதாவது கேட் என்ற முனைக்கு வோல்ட் கொடுத்தால் டிரைன், சோர்ஸ் என்ற முனைகளுக்கு இடையே வழி திறக்கும் மின்னணு ஸ்விட்சுகள். இதில் ஒரு கால் 20 கிலோஹெர்ட்ஸில் துடிக்கும். மற்ற கால் 50 ஹெர்ட்ஸில் மட்டும் பக்கம் மாற்றும். இந்த ஏற்பாட்டில் பாதி மாஸ்ஃபெட்டுகளுக்கு ஸ்விட்சிங் இழப்பு ஏறக்குறைய இல்லை. இதில் ஒளிந்திருந்த சிக்கலை ஆறாம் வாரத்தில்தான் கண்டேன்.

முதல் தேர்வை அறிவைக் கொண்டு செய்யவில்லை, மேசை இழுப்பறையில் கிடந்ததைக் கொண்டு செய்தேன். ஐஆர்எஃப் 3205 மாஸ்ஃபெட்டுகள் எட்டை, மூலைக்கு இரண்டாக, ஒவ்வொன்றின் கேட்டுக்கும் சோர்ஸுக்கும் இடையே 10 கிலோ ஓம் வைத்துப் பொருத்தினேன். 55 வோல்ட், 8 மில்லி ஓம் என்ற அதன் எண்கள் அப்போது தாராளமாகத் தெரிந்தன. கேட்டுகளை நிரப்பியும் காலியாக்கியும் ஓட்டும் டிரைவர் சில்லாக ஐஆர் 2104 இரண்டு. ஒரே சிக்னலைக் கொடுத்தால் மேல், கீழ் மூலைகளுக்கு அதுவே பிரித்துக்கொள்ளும், இரண்டும் ஒருசேரத் திறக்காதிருக்க 520 நானோசெகண்ட் இடைவெளியையும் அதுவே விடும் என்பதால், வேலை மிச்சம் என்று நினைத்தேன்.

முதல் முறை மின்சாரம் கொடுக்கும்போது, எங்காவது குறுக்கிணைப்பு (ஷார்ட் சர்க்யூட்) இருந்தால் மின்னோட்டத்தைக் கட்டுப்படுத்த, பேட்டரிக்குத் தொடராக லாரி முகப்பு விளக்கு ஒன்றை, 24 வோல்ட் 70 வாட், போட்டிருந்தேன். எந்தச் சுமையும் இல்லாமலேயே அது பாதி வெளிச்சத்தில் எரிந்தது. அதை எச்சரிக்கையாக எடுத்துக்கொள்ளாமல், டிரான்ஸ்ஃபார்மர் தொடக்கத்தில் இழுக்கும் மின்னோட்டம் என்று எனக்கு நானே சமாதானம் சொல்லிக்கொண்டு விளக்கைக் கழற்றினேன். துடிக்கும் காலின் நான்கு மாஸ்ஃபெட்டுகளும் மூன்று நிமிடத்தில் போயின.

காகிதத்தில் இரண்டே வரி எழுதியிருந்தால் அவை தப்பியிருக்கும். 3205 ஒன்றின் கேட்டை நிரப்ப 146 நானோ கூலும் வரை வேண்டும், இரண்டுக்கு 292. ஐஆர் 2104 கேட்டிலிருந்து இழுத்து வெளியேற்றும் மின்னோட்டமோ ஏறத்தாழ 0.27 ஆம்பியர்தான். அப்படியானால் அணைவதற்கே ஒரு மைக்ரோசெகண்டுக்கு மேல் ஆகும், டிரைவர் விடும் இடைவெளியோ அதில் பாதி. கீழ் மாஸ்ஃபெட் திறக்கும்போது மேல் மாஸ்ஃபெட் இன்னும் மூடவில்லை. நொடிக்கு இருபதாயிரம் முறை பேட்டரி நேராகக் குறுக்கிணைப்பில் நின்றிருக்கிறது. டிரைவரைத் தேர்ந்தெடுக்கும்போது சராசரி மின்னோட்டத்தைப் பார்த்து ஏமாந்துவிடக் கூடாது. 292 நானோ கூலுமை 20 கிலோஹெர்ட்ஸால் பெருக்கினால் 6 மில்லி ஆம்பியர்கூட வராது. டிரைவரின் தகுதி அதன் உச்ச மின்னோட்டத்தில் இருக்கிறது.

அடுத்து மாஸ்ஃபெட்டைப் புதிதாகத் தேர்ந்தெடுத்தேன். பேட்டரி சார்ஜ் ஏறும்போது 28.8 வோல்ட் வரும், அதன் மேல் கம்பிகளின் தூண்டலால் எழும் முட்கள், அதாவது கணநேர வோல்ட் உயர்வுகள், ஏறும். இவற்றை எண்ணி 55 வோல்ட்டை விட்டு 100 வோல்ட்டுக்குப் போனேன். ஐஆர்எஃப்பி 4110 இந்த இடத்துக்குப் பொருந்தியது: 100 வோல்ட், வழக்கமாக 3.7, அதிகபட்சம் 4.5 மில்லி ஓம், கேட்டுக்கு ஏறத்தாழ 150 நானோ கூலும். கேட்டை ஓட்டும் சுமை 3205-இன் அளவே, தடை மட்டும் பாதி. 500 வாட் சுமையில் 14 வோல்ட் பக்கம் ஏறத்தாழ 40 ஆம்பியர் ஓடும். சூட்டில் தடை ஏறி ஒவ்வொன்றும் 7 மில்லி ஓம் ஆனாலும், இரண்டிரண்டாக இணைத்த இரு மூலைகளின் வழியே போகும்போது மொத்த இழப்பு 11 வாட்டைச் சுற்றியே இருக்கும். இது பழைய ஆம்பிளிஃபையர் ஹீட் சிங்க் ஒன்றே தாங்கக்கூடிய சூடு.

இணையத்தில் பத்து 4110, 25 வெள்ளிக்கு (ரிங்கிட்) கிடைத்தபோதே எனக்குச் சந்தேகம் வந்திருக்க வேண்டும். பொருத்துவதற்கு முன் இம்முறை சோதித்தேன் என்பது மட்டுமே ஆறுதல். கேட்டுக்கு 12 வோல்ட் கொடுத்து, டிரைனிலிருந்து சோர்ஸுக்கு மேசைப் பவர் சப்ளையிலிருந்து 5 ஆம்பியர் விட்டு, மீட்டர் முனைகளை உறையை ஒட்டிக் கால்களின் அடியில் வைத்து மில்லிவோல்ட்டைப் படித்தேன். கால்களின் நுனியில் வைத்தால் ஈயப்பூச்சுக் கம்பியின் தடையும் சேர்ந்துவிடும். 4110 உண்மையானதாக இருந்தால் 19 அல்லது 20 மில்லிவோல்ட் வர வேண்டும். பத்தில் எதுவும் 46-க்குக் கீழே இறங்கவில்லை, ஒன்று 55 காட்டியது. ஒன்றைப் பிடிப்பானில் வைத்து உடைத்துப் பார்த்தேன், உள்ளிருந்த சிலிக்கான் துண்டு நெல்மணி அளவுகூட இல்லை. எழுத்துகள் மட்டும் மிக அழகாகப் பொறிக்கப்பட்டிருந்தன.

விடுமுறை நாளில் ரயிலேறிக் கோலாலம்பூர் ஜாலான் பாசாருக்குப் போய், ஒன்று 9.50 வெள்ளி வீதம் பன்னிரண்டு வாங்கினேன். கடைக்காரரின் மேசையிலேயே ஒன்றைச் சோதிக்க அனுமதி கேட்டபோது அவர் முகம் சுளிக்கவில்லை. அதற்காகவே மீண்டும் அவரிடம் போவேன். பன்னிரண்டும் 19-க்கும் 21-க்கும் இடையே நின்றன.

டிரைவருக்கு இரண்டு வழிகள் எதிரே இருந்தன. டிஎல்பி 250 ஒளிவழி டிரைவர் 1.5 ஆம்பியர் தரும், ஆர்டுவினோவை மின் பக்கத்திலிருந்து முழுமையாகப் பிரித்தும் வைக்கும். ஆனால் பாலத்தின் மேல் மூலைகள் இரண்டுக்கும் தனித்தனியாக, கீழ் மூலைகளுக்குப் பொதுவாக ஒன்று, ஆக மூன்று பிரிக்கப்பட்ட 12 வோல்ட் வழங்கிகள் வேண்டும். ஐஆர் 2110 ஒன்று மேல், கீழ் இரண்டையும் 2 ஆம்பியரில் ஓட்டும், மேல் மூலைக்கான வோல்ட்டை ஒரு டயோடும் ஒரு கப்பாசிட்டரும் கொண்டு தானே உயர்த்திக்கொள்ளும். நான் எளிய வழியையே எடுத்தேன். ஒவ்வொரு கேட்டுக்கும் தனித்தனி 10 ஓம், அணையும்போது வேகமாகக் காலியாக அதன் மேல் ஒரு 1என் 4148 டயோடு, உயர்த்தும் டயோடுக்கு வேகமாக அணையும் யூஎஃப் 4007. இந்த இடத்தில் சாதாரண 1என் 4007 போட்டால், அது மெதுவாக அணைவதற்குள் கப்பாசிட்டரில் ஏறிய மின்னூட்டத்தில் ஒரு பகுதி ஒவ்வொரு துடிப்பிலும் திரும்பி வழிந்துவிடும்.

ஒரே காலின் மேல், கீழ் மூலைகள் ஒருசேரத் திறக்காதிருக்க 2110 தானாக இடைவெளி விடாது. அதன் உள்ளீடுகளில் 1 கிலோ ஓம், 1 நானோ ஃபாரட், அணைக்கும் திசையில் ஒரு டயோடு வைத்து ஒரு மைக்ரோசெகண்டுக்குச் சற்றுக் குறைவாக இடைவெளி எடுத்தேன். ஒரு மாலை முழுவதையும் தின்ற சிறு தவறையும் சொல்ல வேண்டும். 2110-க்கு விடிடி என்ற தனி லாஜிக் கால் உண்டு. அதை 12 வோல்ட்டில் இணைத்துவிட்டு, நானோவின் 5 வோல்ட் சிக்னலுக்கு டிரைவர் ஏன் அசையவில்லை என்று தேடிக்கொண்டிருந்தேன். உள்ளீட்டின் வரம்பு விடிடி-யைப் பொறுத்து ஏறி இறங்கும். அதை 5 வோல்ட்டில் இணைத்ததும் கேட்டுகளில் துடிப்பு வந்தது.

அடுத்த மூன்று வாரங்கள் பாழானது எப்படி என்பதைச் சற்று விரிவாகவே எழுதுகிறேன். சிறு விளக்கொன்றைச் சுமையாக வைத்து ஓட்டியபோது டிரான்ஸ்ஃபார்மர் அடித்தொண்டையில் உறுமியது, மல்ட்டிமீட்டர் 160 வோல்ட் காட்டியது. துடிப்பின் அகலம் போதவில்லை என்று கருதி நிரலில் அதை உயர்த்தினேன். உறுமல் கூடியது. அட்டவணையின் 200 எண்களையும் மீண்டும் கணக்கிட்டேன், பிழை இல்லை. டிரான்ஸ்ஃபார்மர் மேல் சந்தேகப்பட்டு அதைத் தூக்கிக்கொண்டு ஈப்போவுக்குப் போனேன். சுற்றியவர் அதை வீட்டு மின்சாரத்தில் மாட்டினார், அது சத்தமே இல்லாமல் நின்றது. "தம்பி, காயில் மேல குத்தம் இல்ல, நீங்க கொடுக்குற கரண்டப் பாருங்க" என்றார். எட்டுப் பங்கு மரியாதையும் இரண்டு பங்கு கேலியும் கலந்த குரல் அது.

நான் கேட்கவில்லை. 4110 மீது சந்தேகம் கொண்டு மறுபடி சோதித்தேன். பிறகு, சுமை சற்றுப் பெரிதாக இருந்தால் அலை சீராகும் என்ற ஆதாரமற்ற நம்பிக்கையில் லாரி விளக்கைக் கழற்றி 40 ஆம்பியர் ஃபியூஸ் போட்டுக் கிரைண்டரை மாட்டினேன். ஒரு கணத்தில் நான்கு மாஸ்ஃபெட்டும் ஒரு 2110-உம் போயின, அதற்குப் பிறகுதான் ஃபியூஸ் போனது. அந்த வேகத்தில் ஃபியூஸ் மாஸ்ஃபெட்டைக் காக்காது, தீப்பிடிக்காமல் மட்டும் காக்கும்.

போன நான்கும் எவை என்று மேசையில் அடுக்கிப் பார்த்தபோதுதான் ஒரு சங்கதி கண்ணில் பட்டது. துடிக்கும் காலின் மேல் இரண்டும், 50 ஹெர்ட்ஸ் காலின் கீழ் இரண்டும் போயிருந்தன. அதாவது அலையின் கீழ்ப்பாதியைச் சுமப்பவை மட்டும். மேல்பாதியைச் சுமப்பவை நான்கும் நலமாக இருந்தன. அப்படியானால் குறை மேல்பாதியில் இருந்திருக்கிறது: அங்கே மின்னோட்டம் போதிய நேரம் ஓடாததால், டிரான்ஸ்ஃபார்மரின் இரும்பு ஒவ்வொரு சுற்றிலும் காந்தமாவதில் ஒரே பக்கம் சாய்ந்து நிறைவடைந்து, கீழ்ப்பாதியில் வெறும் செப்புக் கம்பியாக நின்றிருக்கிறது.

மாற்று மாஸ்ஃபெட்டுகளைப் பொருத்தி, லாரி விளக்கை மீண்டும் போட்டு, அலைக்காட்டியின் இரு முனைகளையும் மேல் கேட்டிலும் அதன் சோர்ஸிலும் வைத்து ஒன்றிலிருந்து ஒன்றைக் கழித்துப் பார்த்தேன். மேல் சோர்ஸ் தரையோடு நிற்பதில்லை, அதில் நேராகத் தரைக் கவ்வியை மாட்டக் கூடாது. திரையில் 50 ஹெர்ட்ஸ் காலின் மேல் கேட், 10 மில்லிசெகண்டு திறந்திருக்க வேண்டியது, ஏறத்தாழ ஒன்றரை மில்லிசெகண்டில் வழுக்கிக்கொண்டே இறங்கி 8 வோல்ட்டுக்குச் சற்று மேலே வந்ததும் சட்டென அணைந்தது. ஐஆர் 2110-இல் மேல் பக்க வோல்ட் 8.2 அளவுக்கு இறங்கினால் தானே அணைத்துக்கொள்ளும் காப்பு இருக்கிறது. அது தன் கடமையைச் செய்தது, நான்தான் அதற்குச் சோறு போடவில்லை.

உயர்த்தும் கப்பாசிட்டராக முதல் பலகையிலிருந்து கழற்றிய 1 மைக்ரோ ஃபாரட் வைத்திருந்தேன். துடிக்கும் காலில் அது 50 மைக்ரோசெகண்டுக்கு ஒருமுறை நிரம்பிக்கொள்ளும், அதனால் அங்கே குறை தெரியவில்லை. 50 ஹெர்ட்ஸ் காலிலோ 10 மில்லிசெகண்டு தாக்குப்பிடிக்க வேண்டும். அதன் மேல், இரு மாஸ்ஃபெட்டுகளின் 10 கிலோ ஓம்களும் இணையாகச் சேர்ந்து 5 கிலோ ஓம் ஆகி, அந்தச் சின்னக் கப்பாசிட்டரை 2 மில்லி ஆம்பியருக்கு மேல் வடித்துக்கொண்டிருந்தன. 1 மைக்ரோ ஃபாரடையும் 5 கிலோ ஓமையும் பெருக்கினால் 5 மில்லிசெகண்டு. கேட்டை நிரப்பியபின் மிஞ்சும் 11 வோல்ட் 8.2-க்கு இறங்க ஒன்றரை மில்லிசெகண்டு ஆகும், திரையில் பார்த்ததும் அதுவே. டிரைவர் தனக்கென்று எடுப்பது 230 மைக்ரோ ஆம்பியருக்குள்தான், அது இதில் ஒரு பொருட்டே அல்ல.

கப்பாசிட்டரை 22 மைக்ரோ ஃபாரடாக்கி, அதன் அருகில் 0.1 மைக்ரோ செராமிக் ஒன்றை வைத்து, கேட்டுகளின் 10 கிலோ ஓம்களை 47 கிலோ ஓமாக மாற்றினேன். இப்போது 10 மில்லிசெகண்டில் இறங்குவது 0.3 வோல்ட் அளவே. இவ்வளவு பெரிய கப்பாசிட்டர் முதல்முறை நிரம்பும்போது டயோடை வருத்தாதிருக்க 4.7 ஓம் ஒன்றைத் தொடராக வைத்தேன். தொடக்கத்தில் இரு கீழ் மூலைகளையும் 20 மில்லிசெகண்டு திறந்துவைத்து, அதன் பிறகே அலையைத் தொடங்குமாறு நிரலையும் மாற்றினேன். செலவு மூன்று வெள்ளிக்குள். டிரான்ஸ்ஃபார்மரின் உறுமல் அந்தக் கணமே நின்றது.

அடுத்த கண்டுபிடிப்பு அவ்வளவு நாடகமில்லாதது. 15 ஆம்பியர் சுமையில் துடிக்கும் காலின் டிரைனில் 64 வோல்ட் முட்கள் தெரிந்தன. பேட்டரிக் கம்பி 1.2 மீட்டர் நீளம், கப்பாசிட்டர்கள் பலகையின் மறுகோடியில் இருந்தன. 63 வோல்ட், 2200 மைக்ரோ ஃபாரட் நான்கை மாஸ்ஃபெட்டுகளிலிருந்து 3 சென்டிமீட்டருக்குள் கொண்டுவந்து, ஒவ்வொரு காலுக்கும் குறுக்கே 2.2 மைக்ரோ ஃபிலிம் கப்பாசிட்டரைக் கால்களிலேயே பற்றவைத்ததும் முட்கள் 38 வோல்ட்டுக்கு இறங்கின. 3205-இலேயே நின்றிருந்தால் இந்த 64 வோல்ட் அதன் கதையை வேறு வழியில் முடித்திருக்கும்.

வெளியீட்டு வடிகட்டி எளிதாகவே அமைந்தது: 14 வோல்ட் பக்கத்தில் 40 மைக்ரோ ஹென்றி சோக் (கம்பிச் சுருள்), 230 வோல்ட் பக்கத்தில் சீலிங் விசிறிக்குப் போடும் 2.5 மைக்ரோ ஃபாரட் கப்பாசிட்டர். இவை இரண்டும் சேர்ந்து ஏறத்தாழ 1000 ஹெர்ட்ஸில் ஒத்திசைகின்றன. அது 50-க்கும் 20,000-க்கும் நடுவில் வசதியாக நிற்கிறது.

சுமை இல்லாமல் பேட்டரியிலிருந்து 0.8 ஆம்பியர் போகிறது. கிரைண்டர் ஓடும்போது 7.4 ஆம்பியர். கிளம்பும் கணத்தில் 14 வோல்ட் பக்கத்தில் கிளாம்ப் மீட்டர் 66 ஆம்பியர் பிடித்தது, இரு மாஸ்ஃபெட்டுகள் பகிர்ந்தால் ஒன்றுக்கு 33. சோறு குக்கரை மாட்டி 450 வாட்டில் இருபது நிமிடம் ஓட்டியபோது பேட்டரி 24.1 வோல்ட்டில் 21.5 ஆம்பியர் கொடுத்தது, அதாவது 87 விழுக்காடு திறன். 32 டிகிரி அறையில் ஹீட் சிங்க் 58 டிகிரியில் நின்றது. பெட்டியிலிருந்து ஒரே ஒரு தனி சாக்கெட் மட்டும் வெளியே வருகிறது. வீட்டு வயரிங்கோடு அதை எந்த வழியிலும் இணைக்கவில்லை, இணைக்க அக்காவை விடவும் மாட்டேன்.

இப்போது பெட்டிக்குள் இருப்பவற்றின் செலவு: மாஸ்ஃபெட் எட்டு 76 வெள்ளி, 2110 இரண்டு 16, நானோ 18, டிரான்ஸ்ஃபார்மர் 240, கப்பாசிட்டர்கள் 44, சோக் 35, ஹீட் சிங்க் 15, கம்பி, ஃபியூஸ், முனைகள் 60, பெட்டி 30. மொத்தம் 534 வெள்ளி. குப்பைக்குப் போனவை 3205 எட்டு, 2104 இரண்டு, போலி 4110 பத்து, எரிந்த அசல் நான்கு, ஒரு 2110, ஆக 111 வெள்ளி. ரயில் கட்டணத்தையும் ஈப்போவுக்குப் போய்வந்த பெட்ரோலையும் எழுதவில்லை, அக்கா படிக்கக்கூடும்.

மறுபடி கட்டினால் 50 ஹெர்ட்ஸ் காலின் மேல் மூலைக்கு உயர்த்தும் கப்பாசிட்டரை நம்பாமல், பிரிக்கப்பட்ட சிறு 12 வோல்ட் மாற்றி ஒன்றைக் கொடுப்பேன். இரண்டிரண்டு 4110-க்குப் பதிலாக, அதே 100 வோல்ட்டில் வழக்கமாக 2 மில்லி ஓம் கொண்ட ஐஆர்எஃப்பி 4468 ஒன்றொன்றாக வைப்பேன். அதன் கேட்டுக்கு 360 நானோ கூலும் வேண்டும், இப்போது இரண்டு 4110 கேட்பதைவிடச் சற்றே கூடுதல் என்பதால் 2110 தாங்கும், பற்றவைக்க வேண்டிய கால்களும் பாதியாகும். எரிந்த நான்கையும் காப்பாற்றியிருக்கக்கூடிய ஒன்று இன்னும் பாக்கி இருக்கிறது. 2110-இல் எஸ்டி என்ற கால் ஒன்று உண்டு, அதற்குச் சிக்னல் கொடுத்தால் டிரைவர் உடனே அணையும். அது இப்போது தரையோடு கட்டப்பட்டிருக்கிறது. மின்னோட்டத்தை அளக்க 75 ஆம்பியர், 75 மில்லிவோல்ட் ஷண்ட் ஒன்றும், அது வரம்பை மீறினால் சிக்னல் தர ஒரு கம்பேரேட்டரும் வாங்கி மேசையில் வைத்திருக்கிறேன். அவற்றை அந்தக் காலோடு இணைக்கும்வரை, கிரைண்டரோடு சேர்த்துக் குளிர்ப்பெட்டியையும் மாட்டலாமா என்று அக்கா கேட்பதற்கு வேண்டாம் என்றுதான் சொல்லிக்கொண்டிருக்கிறேன்.